மோட்டார் படுதா

உஸ்மான் ரோட்டில் நல்லசிவத்தின் ஜவுளிக்கடை மேற்குப் பார்த்த கடை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராகக் கண்ணாடிக்குள் விழும். காட்சிக்கு மாட்டிய சேலைகள் பதினைந்து நாளில் ஒரு பக்கம் வெளுத்துவிடும். அரக்கு, ரோஜா நிறமாகும். கத்தரிப்பூ நிறம் என்ன நிறமாகும் என்று சொல்லவே முடியாது. கடை முகப்பில் மூங்கில் தட்டி கட்டிக் கயிற்றால் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எழுபத்து நாலாம் வருஷம் பங்குனியில் ஒரு நாள் கயிறு அறுந்து தட்டி நடைபாதையில் விழுந்தது. அடியில் யாரும் இல்லை. ஆனால் இருந்திருந்தால் என்று நல்லசிவம் நினைத்துப் பார்த்தார். பம்பாயில் சரக்கு எடுக்கப் போனபோது ஒரு கடையில் மோட்டாரால் இறங்கும் கித்தான் படுதாவைப் பார்த்திருந்தார். அது மாதிரி ஒன்று போட்டுவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

செய்து கொடுக்க வந்தவர் அங்கமுத்து. கடலோரம் நொச்சிக்குப்பத்துக்காரர். துறைமுகத்தில் பளுதூக்கி எந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலையில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு, தனியாக மோட்டார் வேலை செய்துகொண்டிருந்தார். வந்ததும் அளவு எடுக்கவில்லை. ஏணி போட்டு ஏறி, சுவரைச் சுத்தியால் இங்கும் அங்கும் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"இங்க வெறும் செங்கல்லு. இதுல மாட்னா ஒரே மாசத்துல பேத்துகினு வந்துரும். மேல காங்கிரீட் உத்தரம் கீது பாரு, அதுலதான் போல்ட்டு எறக்கணும்."

நல்லசிவத்தின் மைத்துனன் ஜவஹர் கீழே நின்றுகொண்டிருந்தான். கடையின் மேற்பார்வை அவனுடையது. "அது போன மாசம்தான் பூசுனது. உடைச்சா முகப்பு நாசமாப் போயிரும்" என்றான்.

"முகப்பு போனா பூசிக்கலாம். மண்டை போனா?"

நல்லசிவம் சிரித்துவிட்டார். உத்தரத்திலேயே போல்ட் இறங்கியது.

நான்கு நாள் வேலை நடந்தது. மேலே கித்தானைச் சுருட்டும் இரும்பு உருளை, ஓரத்தில் மோட்டார், கித்தானின் அடியில் அது பறக்காமல் இருக்கக் கனமான இரும்புக் குழாய். குழாய் இடுப்பு உயரத்துக்கு வந்ததும் தானாக நிற்க ஒரு சுவிட்சு, மேலே போய்ச் சேர்ந்ததும் நிற்க இன்னொன்று. மோட்டார் உடம்பிலிருந்து ஒரு செம்புக் கம்பியை இழுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் மண்ணுக்குள் புதைத்தார். கடைசியில், "இத்த யாரு ஓட்டப் போறா? ஒரு ஆளுதான் ஓட்டணும். ஆளாளுக்குத் தொட்டா சரிப்படாது" என்றார்.

வாசலை ஒட்டி ‘வாயில்’ என்கிற மெல்லிய பருத்திச் சேலைப் பிரிவு. அங்கே நின்றவள் தங்கபுஷ்பம். அதனால் அவள்தான் என்று ஆயிற்று.

தங்கபுஷ்பத்துக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. நல்லசிவத்தின் ஊருக்கு அடுத்த ஊர், திசையன்விளைப் பக்கம். கல்யாணமாகி எட்டாம் மாதம் கொழும்புக்குப் போன கணவன் முதல் இரண்டு கடிதத்துக்குப் பிறகு எழுதவில்லை. தாய் தகப்பன் இல்லை. தங்கை சுந்தரவல்லியைக் கூட்டிக்கொண்டு மதராசுக்கு வந்து, ஆதம்பாக்கத்தில் ஓர் அறையில் இருந்தாள். தினமும் பரங்கிமலை ஸ்டேஷனுக்கு நடந்து, ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கிக் கடைக்கு வருவாள். ஏழு வருஷமாக அதே வேலை. பிரித்துக் காட்டிய சேலையை அவள் மடிக்கிற வேகத்தைப் பார்க்கவே சில பெண்கள் நிற்பார்கள். முனை பிசகாமல், கரை கரையோடு சேர, நாலு வீச்சில் சேலை பழைய மடிப்புக்குப் போய்விடும்.

அங்கமுத்து அவளைச் சுவிட்சுப் பலகையின் முன்னால் நிறுத்தினார்.

"இந்தா பாரும்மா. பச்சை பட்டன் எறக்கறதுக்கு, செவப்பு ஏத்தறதுக்கு. அமுக்கிகினே இருந்தாத்தான் ஓடும். விரலை எட்த்தா நின்னுரும்."

"அது எதுக்கு அண்ணே அப்படி? அமுக்குனா அதுபாட்டுக்கு ஓடக் கூடாதா?"

"நடுவுல ஒரு கொயந்த அடியில வந்து நிக்குது. இன்னா பண்ணுவ? விரலை எட்த்துடுவ. அதுபாட்டுக்கு ஓடினா அதுக்கு இன்னா கண்ணா கீது?"

அது அவளுக்கு உடனே புரிந்தது. மற்றதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். இறக்குவதற்கு முன் வெளியே போய் அடியில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓடும்போது உருளைப் பக்கம் கை போகக் கூடாது, தலைப்பு போகக் கூடாது. மழையில் நனைந்த கித்தானைச் சுருட்டி வைத்தால் மறுநாள் விரித்து உலர்த்த வேண்டும். காற்று வந்தால் வெயிலாவது ஒன்றாவது, ஏற்றிவிட வேண்டும்.

"எவ்ளோ காத்து வந்தா அண்ணே?"

"எதுத்தாப்ல அந்த தூங்குமூஞ்சி மரம் கீதே, அதுல எலை ஆடினா உட்டுடு. கொம்பு ஆடிச்சுன்னா ஏத்திடு. யாரைக் கேக்கறதுக்கும் நிக்காத. துணி காத்தைப் புட்ச்சிகிச்சின்னா உடாது. எங்க நைனா பாயை எறக்க லேட் பண்ணாரு. கட்டுமரம்தான் கரைக்கு வந்துது."

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமானது. அந்த வருஷம் மின்வெட்டு அதிகம். படுதா இறங்கியிருக்கும்போது கரண்ட் போய்க் காற்றும் வந்தால் கையால்தான் சுருட்ட வேண்டும். அதற்கு மோட்டாரின் பின்பக்கம் மாட்டிச் சுழற்ற ஒரு இரும்புக் கைப்பிடி கொடுத்திருந்தார்.

"இத்த மாட்டிச் சுத்தினுகீறச்ச கரண்ட் வந்துச்சுன்னு வை. மோட்டாரு சுத்தும், கைப்பிடியும் கூடவே சுத்தும். அந்த வேகத்துல கை முறிஞ்சிரும்மா. அதுக்குத்தான் இந்த மோட்டாருக்குன்னு தனியா லைன் இழுத்து, தனியா ஒரு பீஸ் கட்டை வச்சிகீறேன். மொதல்ல கட்டையப் புடுங்கு. இடுப்புல சொருவிக்கோ. அப்புறம்தான் கைப்பிடியத் தொடு. பெட்டி மேல வச்சேன்னா வேற எவனாச்சும் மாட்டிடுவான்."

பலகைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மரப்பெட்டி. அதைத் திறந்து வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டையைத் தானே உருவி, மறுபடி மாட்டிக் காட்டினார். பிறகு அவளைச் செய்யச் சொன்னார். மூன்று தரம் செய்ய வைத்தார்.

சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் எந்தக் குறையும் இல்லை. இரண்டு மணிக்குத் தங்கபுஷ்பம் வாசலுக்கு வருவாள். நிழலில் நிற்கிறவர்களை "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க" என்பாள். வேர்க்கடலை வண்டிக்காரன் நகர்ந்து கொடுப்பான். பட்டனை அமுக்கிக்கொண்டு, குழாய் இறங்கி நிற்கும்வரை கண்ணெடுக்க மாட்டாள். மின்வெட்டில் இரண்டு தரம் கையாலும் சுருட்டியிருக்கிறாள். இரண்டு தரமும் கட்டை இடுப்பில்தான் இருந்தது. பக்கத்துப் பிரிவில் நிற்கும் சீதா, "யக்கா, இன்னா இதுக்கு இம்மாம் பயப்படுறே" என்று கேலி செய்வாள்.

"பயம் இல்லளா. சொல்லிக் குடுத்தவிய சும்மா சொல்லல."

ஜவஹருக்குத்தான் அந்தப் படுதா பிடிக்கவில்லை. தங்கபுஷ்பம் சாப்பிடப் போன நேரத்தில் காற்று வந்தால் அவன் பட்டனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஏறி முடிய ஒன்றரை நிமிஷம் ஆகும். வாடிக்கையாளர்களுக்கு முன்னால், முதலாளியின் மைத்துனன், சுவரைப் பார்த்து விரலை வைத்துக்கொண்டு நிற்பது. அது அவனுக்குச் சகிக்கவில்லை. ஆடித் தள்ளுபடிக்கு முகப்பில் வண்ண விளக்குகள் போட வேண்டியும் இருந்தது. அதற்கு ஒரு லைன் தேவைப்பட்டது. ஆடி பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தபோது, வேறோர் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து இரண்டு வேலை செய்தான். பட்டன்களை எடுத்துவிட்டு, மேலே தட்டினால் ஏறும், கீழே தட்டினால் இறங்கும், தட்டிய இடத்திலேயே நிற்கும் சுவிட்சைப் போட்டான். மோட்டாருக்கென்று இருந்த லைனை வண்ண விளக்குகளுக்குக் கொடுத்துவிட்டு, மோட்டாரைக் கண்ணாடி அலமாரி விளக்குகளின் லைனில் சேர்த்தான்.

திங்கட்கிழமை வந்ததும் தங்கபுஷ்பம் சுவிட்சைப் பார்த்தாள்.

"இது என்ன சின்ன மொதலாளி, மாத்தியிருக்கிய?"

"இனிமே ஒரு தட்டு தட்டுனா போதும். நீ பாட்டுக்கு ஏவாரத்தப் பாரு."

"கையை எடுத்தா நிக்கணும்னுல்லா அங்கமுத்து அண்ணன் சொன்னாவ."

"அவனா ஒனக்கு மொதலாளி?"

அவள் அதோடு விடவில்லை. நல்லசிவத்திடம் போய்ச் சொன்னாள். அவர் ஆடிக்கு வந்த சரக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "ஜவஹர் யோசிச்சுத்தான் செஞ்சிருப்பான் தங்கம். நீ கவனமா இருந்துக்கிடு, போதும்" என்றார். அவளும் கவனமாகத்தான் இருந்தாள். குழாய் ஏறி முடிந்ததும் சுவிட்சை நடுவுக்குக் கொண்டுவந்து விடுவாள். ஆனால் லைன் மாறிய விஷயத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை. மரப்பெட்டி அதே இடத்தில் இருந்தது. அதற்குள் வெள்ளைக் கட்டையும் இருந்தது. அது இப்போது வண்ண விளக்குகளின் கட்டை என்பது ஜவஹருக்கும் அந்த எலக்ட்ரீஷியனுக்கும் மட்டும் தெரியும்.

ஆடி இரண்டாம் வெள்ளி. கடைக்குள் நிற்க இடமில்லை. மூன்றரை மணிக்குத்தான் தங்கபுஷ்பம் மாடிக்குச் சாப்பிடப் போனாள். நாலு வாய் சாப்பிட்டிருப்பாள், ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. எட்டிப் பார்த்தாள். தூங்குமூஞ்சி மரம் கொம்போடு ஆடிக்கொண்டிருந்தது. கையைக் கழுவாமல் கீழே ஓடினாள்.

அதற்குள் ஜவஹர் சுவிட்சை மேலே தட்டிவிட்டிருந்தான். படுதா ஒரு முழம் ஏறியது, கரண்ட் போய்விட்டது. கடை இருட்டாயிற்று. இருட்டில் சேலைகள் கைமாறிப் போய்விடும் என்று ஜவஹர் சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு, "யாரும் வெளிய போகாதீங்க, வெளக்கு வருது" என்று கத்திக்கொண்டு உள்ளே போனான். சீதா அதைப் பார்த்தாள்.

தங்கபுஷ்பம் வாசலுக்கு வந்தபோது கித்தான் வயிறு புடைத்துக்கொண்டு நின்றது. அடிக்குழாய் முன்னும் பின்னும் வீசியது. நடைபாதையில் மழைக்குப் பயந்து பத்துப் பதினைந்து பேர் அந்தப் படுதாவுக்கு அடியிலேயே ஒதுங்கியிருந்தார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை.

"தள்ளுங்க! எல்லாரும் தள்ளிப் போங்க!"

தானே இறங்கிப்போய்க் குழந்தைக்காரியைத் தோளைப் பிடித்து நகர்த்தினாள். பிறகு மரப்பெட்டியைத் திறந்து கட்டையை உருவி இடுப்பில் செருகினாள். கைப்பிடியை எடுத்து, முக்காலியில் ஏறி, மோட்டாரில் மாட்டிச் சுழற்றத் தொடங்கினாள். சுவிட்சு மேல் பக்கம் தட்டியபடி கிடந்ததை அவள் இருட்டில் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. பழைய பட்டனில் அப்படி ஒரு நிலையே கிடையாது.

கனமாக இருந்தது. காற்று எதிர்த்து இழுத்தது. இரண்டு கையாலும் சுழற்றினாள். குழாய் ஆள் உயரம் தாண்டியது. கித்தான் அடங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம்தான். இடது கையை எடுத்து நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் சுழற்றினாள்.

கரண்ட் வந்தது.

கடைக்குள் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்ததில் அங்கே இருந்த பெண்கள் "அப்பாடா" என்றார்கள். அந்தச் சத்தத்தில் மற்ற சத்தம் சிலருக்குக் கேட்கவில்லை. சீதா திரும்பியபோது முக்காலி உருண்டு கிடந்தது. தங்கபுஷ்பம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் மடங்கிக் கிடந்த வலது கையை, யாருடைய பொருளையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். படுதா மேலே போய்ச் சேர்ந்து தானாக நின்றது. அடியில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

நல்லசிவமே டாக்சி பிடித்து அவளை சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எலும்பு பல துண்டாக நொறுங்கியிருந்தது. டாக்டர்கள் இரண்டு தரம் அறுவை செய்தார்கள். கையை எடுக்காமல் காப்பாற்றியதே பெரிது என்றார்கள். சேலை மாற்றிய நர்ஸ் இடுப்பிலிருந்து விழுந்த பீங்கான் கட்டையை எடுத்துச் சுந்தரவல்லியிடம் கொடுத்தாள். அது என்னவென்று சுந்தரவல்லிக்குத் தெரியாது. அக்காவின் பொருள் என்று பைக்குள் போட்டு வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜவஹர் அதே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றினான். பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன், தனி லைன், பெட்டியில் புதுக் கட்டை. திங்கட்கிழமை கடையில் பேச்சு இப்படி இருந்தது: அவள் அவசரத்தில் ஃபியூஸைப் பிடுங்க மறந்துவிட்டாள், பாவம். இரண்டு நாளில் அதோடு இன்னொன்றும் சேர்ந்தது: மீனவக் குப்பத்து ஆள் போட்ட மோட்டார், ஆளைக் கொல்லப் பார்த்தது. லஸ் முனையில் இரண்டு கடைகளுக்குப் படுதா போட அங்கமுத்து பேசி வைத்திருந்தார். இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

புரட்டாசியில் ஒரு காலை, விசாரித்துக்கொண்டு அவர் ஆதம்பாக்கத்துக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம் சாத்துக்குடி. தங்கபுஷ்பம் மாவுக்கட்டோடு சுவரில் சாய்ந்திருந்தாள். அவர் உட்காரக்கூட இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லும்மா. கட்டையப் புடுங்கினியா இல்லியா?"

"புடுங்குனேன் அண்ணே. புடுங்கித்தான் மாட்டுனேன்."

"அப்ப எப்டிம்மா ஓடும்?"

அவளுக்கும் அதுதான் தெரியவில்லை. எத்தனையோ நாள் படுத்துக்கொண்டு அதையே நினைத்துப் பார்த்திருந்தாள். சுந்தரவல்லி என்னவோ ஞாபகம் வந்து எழுந்துபோய்ப் பையிலிருந்து அந்தக் கட்டையை எடுத்துவந்து நீட்டினாள். அங்கமுத்து வாங்கிப் பார்த்தார். அடியில் தான் கீறியிருந்த அடையாளத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"லைனை மாத்திகீறானுங்க. சுவிச்சையும் மாத்தினானுங்களா?"

"மாத்துனாவ. அதை நான் மொதலாளிகிட்ட சொன்னேன்."

"அப்ப சர்தான். நீயும் தப்புப் பண்ல, நானும் தப்புப் பண்ல" என்றார். கட்டையைச் சுந்தரவல்லியிடமே திருப்பிக் கொடுத்தார்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு, ஐப்பசி முதல் வாரம், இருவரும் கடைக்குப் போனார்கள். தீபாவளிக் கூட்டம். நல்லசிவம் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அங்கமுத்து நேராக விஷயத்துக்கு வந்தார். "பெட்டியத் தொறங்க. லைனைக் காட்றேன்."

ஜவஹர் தானே பெட்டியைத் திறந்துவிட்டான். உள்ளே எல்லாம் அங்கமுத்து போட்டபடியே இருந்தது. அவர் குனிந்து குனிந்து பார்த்தார்.

"இந்த டேப்பு நான் சுத்தினது இல்ல. இது புச்சு."

"டேப்பு வந்து சாட்சி சொல்லுமா?" என்றான் ஜவஹர்.

தங்கபுஷ்பம் இடது கையால் பைக்குள்ளிருந்து கட்டையை எடுத்தாள். "அன்னைக்கு உருவி இடுப்புல வச்சது. ஆஸ்பத்திரியில எடுத்தாவ. நான் புடுங்கலன்னா இது எப்படி எங்கிட்ட வந்துது?"

"கீழ விழுந்த பொறவு எடுத்திருப்ப."

"கை நொறுங்குனவ எந்திரிச்சுப் பெட்டியத் தொறந்தா எடுத்தேன், சின்ன மொதலாளி?"

ஜவஹர் பெட்டியை மூடினான். அவள் சீதாவின் பக்கம் திரும்பினாள். ஜவஹர் சுவிட்சை அப்படியே விட்டுப் போனதைச் சீதா பார்த்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கூட வேலை செய்தவள் என்றுதான் திரும்பினாள். சீதா ஏற்கெனவே மடித்திருந்த ஒரு சேலையைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. அவளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

நல்லசிவம் இரண்டு பேரையும் மாடிக்குக் கூட்டிப்போனார். சரக்கு அறையில் மூட்டைகளுக்கு நடுவே நின்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அந்தக் கட்டையைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

"தங்கம், நீ எங்கிட்ட வந்து சொன்ன. நான்தான் காதுல வாங்கல. அதை நான் இல்லைங்கல."

"அதைக் கீழ வந்து சொல்லுங்க அண்ணாச்சி. எல்லாரும் நிக்காவ. அது போதும் எனக்கு."

"அவன் எம் பொண்டாட்டிக்கு ஒரே தம்பி. நான் அதைச் சொன்னா போலீஸ் வரும். எம் வீட்டுல அடுப்பு எரியாது. என்னய என்ன செய்யச் சொல்லுத?"

"என் பேரு இன்னா ஆவறது?" என்றார் அங்கமுத்து.

நல்லசிவம் அவர் முகத்தைப் பார்க்காமல், "நீ தொழில்காரன். எங்க போனாலும் பொழச்சிக்கிடுவ" என்றார். பிறகு தங்கபுஷ்பத்திடம், "ஒந் தங்கச்சி எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிருக்காள்லா? அனுப்பு. ஒன் எடத்தை வேற யாருக்கும் குடுக்கல. அவளுக்குத்தான்" என்றார். அவர் அதை மனதாரச் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வெளியே வந்து பனகல் பார்க் வரை சேர்ந்து நடந்தார்கள். அங்கமுத்து விடவில்லை. துறைமுகத்தில் தெரிந்த ஒரு சங்கத்துக்காரரைப் பிடித்து மனு எழுத வைத்தார். ஒரு மாதம் கழித்து அதிகாரி ஒருவர் கடைக்கு வந்தார். பட்டன்களை அமுக்கிப் பார்த்தார். கையை எடுத்ததும் நின்றது. கட்டையை உருவிப் பார்த்தார்; மோட்டார் ஓடவில்லை. கடையில் நின்ற ஐந்து பேரைக் கேட்டார். "நாங்க பாக்கல சார்" என்றார்கள். கருவியில் குறை இல்லை, இயக்கியவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். அவர் பொய் எழுதவில்லை. கண்ணால் கண்டதை எழுதினார்.

அங்கமுத்துவுக்கு அதன் பிறகு தி.நகரிலோ மயிலாப்பூரிலோ வேலை வரவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் ரயிலில் அவரைப் பார்த்ததாகச் சுந்தரவல்லி சொன்னாள். எண்ணூர்ப் பக்கம் எங்கோ தினக்கூலியாக ஈயம் உருக்கப் போகிறாராம். "அக்காவக் கேட்டேன்னு சொல்லு" என்றாராம்.

தங்கபுஷ்பத்தின் கை உயிரோடு இருந்தது, அவ்வளவுதான். விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. நாலைந்து ஜவுளிக்கடைகளில் கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு கடையிலும் ஒரு சேலையைப் பிரித்துப் போட்டு மடிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு கடையிலும் அவள் பாதியில் நிறுத்திவிட்டு, "வாரேன்" என்று சொல்லிக்கொண்டு இறங்கினாள். கே.கே. நகரில் ஒரு வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தாள். இரண்டாம் நாள் கொதிக்கிற உலை கையிலிருந்து நழுவியது. அன்றோடு அதுவும் போயிற்று.

மார்கழி பிறந்தபோது சுந்தரவல்லி டைப்ரைட்டிங் வகுப்பை நிறுத்தினாள். அதை அவள் அக்காவிடம் சொல்லவில்லை. நிறுத்தி ஒரு வாரம் ஆன பிறகுதான் தெரிந்தது.

"நான் அண்ணாச்சி கடைக்குப் போறேன்."

"அந்தக் கடைக்கா?"

"வேற எந்தக் கடை என்னய வான்னு சொல்லுச்சு? நீயே சொல்லு."

தங்கபுஷ்பம் கொடியில் காய்ந்த துணிகளை இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பிறகு கேட்டாள். "எந்தப் பிரிவு?"

"ஒன் எடம்தான். வாயில் சேலை."

"அந்தப் படுதாவ நீ தொடக் கூடாது. கண்டிப்பாச் சொல்லிரு."

"சொல்லிப் பாத்தேன். வாசப்பக்கம் நிக்கவதான் ஓட்டணுமாம்."

"அப்ப கட்டைய மட்டும் நம்பாத. கடைக்கே மெயின் இருக்குல்லா, அதை அணைச்சிட்டு அப்புறம் தொடு."

"மெயின் இருக்க அறைச்சாவி அந்த ஜவஹர்கிட்டல்லா இருக்கு. ஒவ்வொரு தரமும் கேட்டா அவன் தருவானா?" என்றாள் சுந்தரவல்லி. அவள் கோபத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

மறுநாள் காலையில் சுந்தரவல்லி அக்காவின் பழைய நீலச் சேலையைக் கட்டிக்கொண்டாள். தங்கபுஷ்பம் முந்தானையை மடித்துத் தோளில் குத்திவிடப் பார்த்தாள். ஊசி இரண்டு தரம் கீழே விழுந்தது. "இரு, நான் குத்திக்கிடுதேன்" என்று சுந்தரவல்லி வாங்கிக்கொண்டாள். எட்டு மணிக்கு முன்னால் கிளம்பிவிட்டாள். தெருமுனை திரும்பும்போது ஒரு தரம் பார்த்துக் கையை ஆட்டினாள்.

அடிபம்பில் தண்ணீர் எடுக்கப் போனபோது பக்கத்து வீட்டு அஸ்மத்துன்னிசா குடத்தை நிறைத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி வேலைக்குப் போறாளாமே? எங்க?"

தங்கபுஷ்பம் கடையின் பெயரைச் சொன்னாள். அஸ்மத்துன்னிசா அந்தத் தெருவுக்குப் போன மாதம்தான் குடிவந்தவள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"அது பெரிய கடையாச்சே! என் மவ நிக்காவுக்கு அங்கதான் எடுத்தோம். நல்ல மனுசன் அந்த மொதலாளி."

"ஆமா" என்றாள் தங்கபுஷ்பம்.

இடது கையால் பம்பை அடித்துப் பார்த்தாள். நாலு அடிக்குப் பிறகு தோள் இழுத்தது. அஸ்மத்துன்னிசா தன் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அவளைத் தள்ளிக்கொள்ளச் சொல்லி, பம்பைத் தான் வாங்கிக்கொண்டு அடித்தாள். தண்ணீர் நிறையும்வரை தங்கபுஷ்பம் பக்கத்தில் நின்றாள். குடம் நிறைந்ததும் அதை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வழியெல்லாம் தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.